தடம் இல்லாத விடை

பெர்னதெத் என்ற பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் கணக்குத் தாள் என்னிடம் வந்தபோது முதல் கேள்விக்கு நேராக ஒரே ஓர் எண்தான் இருந்தது: 136. அதற்கு முன்னால் நாற்பத்தொரு விநாடி எதுவுமே இல்லை. பேச்சு இல்லை, கோடு இல்லை, கை அசைவு இல்லை. பதிவை ஓடவிட்டுக் கேட்டால் மின்விசிறியின் சத்தமும், பக்கத்து மேசைகளில் மற்ற பிள்ளைகள் முணுமுணுப்பதும் மட்டும் கேட்டன. பிறகு அந்த எண். ஐந்து கேள்விகளுக்கும் இப்படியேதான். ஐந்தும் சரியான விடை.

பதிவின் அடியில் தேர்வுப் பலகை சிவப்பில் குறித்திருந்தது: "சிந்தனைத் தடம் இல்லை. விடை முன்பே தெரிந்திருக்கலாம்."

என் பெயர் சண்முகவடிவு. பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஏப்ரல், மே மாதங்களில் தேர்வு மையத்தில் மறுபார்வையாளர். அதாவது, பலகை சந்தேகப்படும் தாள்களை மனிதர் ஒருவர் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். அந்த மனிதர் நான்.

பலகை வந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்பு கணக்குத் தேர்வு என்றால் எழுத்துதான். மனப்பாடம் செய்தவர்கள் எழுதித் தள்ளுவார்கள். கணக்குப் புரிந்தும் எழுத வராதவர்கள் தோற்றுப் போவார்கள். அதை மாற்றத்தான் 'தடம்' என்ற இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மாணவர் முன்னாலும் ஒரு பலகை இருக்கும். அதனிடம் பேசலாம், அதில் வரையலாம், திரையில் கட்டைகளை அடுக்கலாம், காற்றில் கையால் காட்டலாம். எப்படிக் காட்டினாலும் பலகை பின்தொடரும். இந்தப் பிள்ளை எங்கே தொடங்கியது, எங்கே தடுமாறியது, எப்படித் திருத்திக்கொண்டது என்பதை ஒரு பாதையாக வரைந்து மார்க் போடும். விடைக்கு இருபது. பாதைக்கு எண்பது.

முதல் வருடம் நான் சந்தோஷத்தில் அழுதிருக்கிறேன். எழுத்துகள் இடம் மாறித் தெரிகிற ஒரு பெண், மூன்று முறை தோற்றவள், ஒரு கையால் ஆறு தட்டுக்கு ஒருமுறையும் மறு கையால் எட்டுத் தட்டுக்கு ஒருமுறையும் மேசையைத் தட்டினாள். இருபத்து நான்காவது தட்டில் இரண்டு கையும் ஒன்றாக விழுந்தன. மீச்சிறு பொது மடங்கு! இத்தனை வருடம் நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதை அவள் காதால் கண்டுபிடித்திருந்தாள். இந்த முறையைக் குறை சொல்ல மட்டும் நான் வரவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பெர்னதெத்தின் தாளை எடுத்துக்கொண்டு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் கனகசபாபதியிடம் போனேன்.

"ரொம்ப ஈஸியான கேஸ் மேடம்," என்றார் அவர். "கேள்வி எங்கேயோ லீக் ஆகியிருக்கு. பொண்ணு விடையை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கு. நேர்ல கூப்பிட்டு ஒரு புதுக் கேள்வி குடுங்க. தடம் வரலைன்னா கையெழுத்துப் போட்டு அனுப்பிருவோம்."

"அனுப்பினா?"

"ரெண்டு வருஷம் எந்தப் பரீட்சையும் எழுத முடியாது. விதி அப்படி."

விசாரணைக்கு நான்கு நாள் இருந்தது. நல்ல தடம் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க, அதே கேள்விக்கு மிக அதிக மார்க் வாங்கிய இருபது பதிவுகளை எடுத்துப் போட்டுக் கேட்டேன். கேள்வி இதுதான்: ஒரு கேரம் போட்டியில் 137 பேர். தோற்றவர் வெளியேற வேண்டும். ஒருவர் வெற்றி பெற மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடக்க வேண்டும்?

பிள்ளைகள் சுற்றுச் சுற்றாகக் கணக்குப் போட்டார்கள். முதல் சுற்றில் 68 ஆட்டம், ஒருவருக்கு ஆட்டம் இல்லை, மீதி 69 பேர், அடுத்த சுற்றில் 34. கேட்க நன்றாக இருந்தது. ஏழாவது பதிவில்தான் எனக்கு ஏதோ உறுத்தியது. ஒரு மாணவன் இரண்டாவது நிமிடத்தில் நிறுத்தி, "இரு, இரு... அப்படி வராதே" என்றான். காற்றில் கையால் ஒரு வட்டம் போட்டு அழித்தான். இதை நான் ஏற்கனவே கேட்டிருந்தேன். திரும்பப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது பதிவிலும் அதே சொல், அதே வட்டம். இருபது பேரில் பன்னிரண்டு பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே மாதிரி தடுமாறி, ஒரே மாதிரி தெளிவடைந்திருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் தொண்ணூறுக்கு மேல்.

பதிவை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அந்தச் சொற்களை நான் தினமும் என் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நானும் என் மகள் மிதுனாவும் மட்டும்தான். அவள் அப்பாவுக்கு ஓசூரில் வேலை. மிதுனாவும் அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தாள். அவள் தாள் மதுரை மையத்துக்குப் போயிருந்தது. இரண்டு வருடமாக, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'சிந்தனைப் பயிற்சி' என்று போர்டு போட்டிருந்த ஒரு மையத்துக்குச் சனி ஞாயிறு போய்வந்தாள். எல்லா ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள். நானும் அனுப்பினேன். அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று காலை அவளிடம் தோசையா இட்லியா என்று கேட்டிருந்தேன்.

"முதல்ல தோசைன்னு வச்சுக்குவோம்," என்று தொடங்கினாள் அவள். "தோசைன்னா பத்து நிமிஷம் ஆகும். அப்பன்னா குளிச்சுட்டு வந்து... இரு, இரு. அப்படி வராதே. மாவு புளிச்சிருந்தா? அப்ப இட்லிதான்."

நான் சிரித்துக்கொண்டே, "ஏட்டி, எதுக்கு எப்பப் பார்த்தாலும் சத்தம் போட்டு யோசிக்க?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "சத்தம் போடலைன்னா நான் யோசிக்கேனா இல்லையான்னு எனக்கே தெரிய மாட்டேங்கும்மா," என்றாள்.

காலையில் அது வேடிக்கையாக இருந்தது. பதிவு அறையில் உட்கார்ந்து நினைத்தபோது வேடிக்கையாக இல்லை.

விசாரணை நாளில் பெர்னதெத் தன் அம்மாவோடு வந்தாள். புன்னக்காயலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். பள்ளிப் படிப்பு முடிந்த பிறகும் யூனிபார்மில்தான் வந்திருந்தாள். அம்மா ரெஜினாவுக்கு இறால் கம்பெனியில் தோலுரிக்கும் வேலை. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"டீச்சர், எம்பிள்ள பாத்து எழுதுத பிள்ள இல்ல," என்றார் ரெஜினா. "ஆனா வாயத் தொறக்க மாட்டா. வீட்லயும் அப்படித்தான். அதத் தப்பா எடுத்துக்கிடாதீங்க."

அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அறையில் நான், அவள், மேசைமேல் பலகை. சீல் வைத்த உறையிலிருந்து கேள்வியை எடுத்துப் படித்தேன்.

"ஒருத்தர் காலை ஆறு மணிக்கு மலை அடிவாரத்துல இருந்து ஏற ஆரம்பிக்காரு. இஷ்டம்போல நிக்காரு, நடக்காரு, சாயங்காலம் ஆறு மணிக்கு உச்சிக்குப் போறாரு. மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே பாதையில எறங்க ஆரம்பிச்சு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழ வந்துடுதாரு. ரெண்டு நாளும் ஒரே நேரத்துல அவர் கடந்த இடம்னு ஒண்ணு அந்தப் பாதையில கட்டாயம் இருக்குமா?"

அவள் தலையாட்டினாள். பிறகு அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். கண் மேசை விளிம்பில் நின்றது. மூச்சு விடுவது மட்டும் தெரிந்தது. மேசைக்கு அடியில், பலகைக்குத் தெரியாத இடத்தில், அவளுடைய கால் பெருவிரல் ஒருமுறை தரையை அழுத்தி எடுத்தது. ஐம்பத்து மூன்று விநாடி.

"இருக்கும். கண்டிப்பா இருக்கும்," என்றாள்.

"எப்படி?"

"அவர ரெண்டு ஆளா ஆக்கிட்டேன் டீச்சர். ஒரே நாள்ல ஒருத்தர் ஏறுதாரு, ஒருத்தர் எறங்குதாரு. பாதை ஒண்ணுதான? எங்கயாச்சும் எதுத்தாப்ல வந்துதான ஆகணும்."

நான் அவளையே பார்த்தேன். இருபது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கச் சிரமப்பட்டேன்.

"அப்ப அந்த 136?"

"எல்லாரும் ஜெயிக்கிற ஆளுவள எண்ணுவாவ. நான் தோக்குற ஆளுவள எண்ணுனேன். ஒரு ஆட்டத்துக்கு ஒருத்தர் தோக்கணும். கடைசில ஒருத்தரத் தவிர எல்லாரும் தோத்துருக்கணும். அது உடனே வந்துட்டு டீச்சர். சரிதானான்னு பாக்கத்தான் மிச்ச நேரம்."

"இதை யோசிக்கும்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்லா? ஒரு கோடாவது போட்டிருக்கலாம்லா?"

அவள் தயங்கினாள். "சொன்னா போயிருது டீச்சர்."

"எது?"

"யோசனை."

பிறகு, நான் கேட்காமலே சொன்னாள். அப்பாவுக்கு ஐஸ் பேக்டரியில் இரவு ஷிப்டு. பகலெல்லாம் தூக்கம். வீடு என்றால் ஒரே அறை. "பேப்பர் திருப்புற சத்தம் கேட்டாலே முழிச்சிருவாவ. அப்புறம் அன்னிக்கி ஷிப்டுல தூங்கி விழுவாவ, மிஷின்ல கை மாட்டிக்கிடும்னு அம்மைக்குப் பயம். அதனால நாங்க மூணு பிள்ளைகளும் வாய் அசைக்காமத்தான் படிப்போம். கணக்கெல்லாம் மண்டைக்குள்ளயே போட்டுக்கிடுவேன். அதுக்குள்ள நெறைய எடம் இருக்கு டீச்சர்."

பலகையைப் பார்த்தேன். சிவப்பு. சிந்தனைத் தடம் இல்லை.

கனகசபாபதியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"மேடம், அவ சொன்னதெல்லாம் விடை சொன்னதுக்குப் பிறகு. அது விளக்கம், சிந்தனை இல்ல. விளக்கத்தையும் மனப்பாடம் பண்ணலாம்லா? விடைக்கு முன்னாடி வந்ததை மட்டும்தான் பலகை எடுத்துக்கிடும்."

"கேள்வி சீல் வச்ச கவர்ல இருந்துச்சு சார். என் கையாலதான் பிரிச்சேன்."

"அப்ப நீங்களே மாத்துங்க. மறுபார்வையாளருக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா..." என்று நிறுத்தினார்.

அந்த 'ஆனா' எனக்கும் தெரியும். பலகையின் முடிவை மனிதர் ஒருவர் மாற்றினால், அவரும் ஒரு பலகையின் முன் உட்கார்ந்து, ஏன் மாற்றுகிறார் என்பதைச் சிந்தித்துக் காட்ட வேண்டும். அந்தச் சிந்தனைக்கும் மார்க் உண்டு. எழுபதுக்குக் குறைந்தால் மாற்றம் செல்லாது. சிபாரிசையும் லஞ்சத்தையும் தடுக்க வைத்த விதி. இரண்டு வாய்ப்புதான்.

அப்போதே போய் உட்கார்ந்தேன். உள்ளதைச் சொன்னேன். "கேள்வி புதிது. அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நான் நேரில் பார்த்தேன். அவள் யோசித்தாள். நான் நம்புகிறேன்." அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பலகை 38 என்றது. "மாற்று வாய்ப்புகள் ஆராயப்படவில்லை. தயக்கமோ திருத்தமோ இல்லை. முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்கலாம்."

கனகசபாபதி கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் டைம் இருக்கு. இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க."

வெளியே வந்தபோது ரெஜினா பெஞ்சிலிருந்து எழுந்தார். அவரிடம், "நாளைக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னேன். பெர்னதெத் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனேன். மிதுனா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்து மடித்தேன். நான்கு சேலை மடித்த பிறகுதான் வாய் வந்தது.

"உங்க சென்டர்ல எப்படித் தயங்கணும்னு சொல்லித் தாராங்களா?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"பன்னெண்டு பேர் பதிவைக் கேட்டேன்."

"கம்ப்ளெயின்ட் பண்ணப் போறியாம்மா?"

"இல்ல. எனக்குச் சொல்லித் தா."

முதலில் அவள் நம்பவில்லை. பெர்னதெத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். மிதுனா துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கேட்டாள். நான் முடித்ததும் எழுந்தாள். பயிற்சி மையத்துக்காரரின் தோரணையிலேயே, எனக்கு வகுப்பெடுத்தாள்.

"முதல்ல தப்பா ஆரம்பிக்கணும். ஆனா ரொம்பத் தப்பாவும் இருக்கக் கூடாது. கேக்கறவங்களுக்கு, அட, இது சரிதானோன்னு தோணணும். ரெண்டாவது நிமிஷத்துல நிறுத்து. 'இரு' சொல்லு. ரெண்டு தடவைதான் சொல்லணும். மூணு தடவை சொன்னா நடிப்புன்னு பலகை கண்டுபிடிச்சுரும். அப்புறம் கையால ஒரு வட்டம் போட்டு அழி. மூச்சை இழுத்து விடு. புது வழி சொல்லு. அதையும் பாதியில சந்தேகப்படு. முடிவைச் சொல்லும்போது குரல் மெதுவாகணும். சந்தோஷப்படக் கூடாது. வருத்தமா முடிவுக்கு வந்த மாதிரி இருக்கணும்."

ஏழு மணி வரை பழகினோம். எனக்கு வட்டம் சரியாக வரவில்லை. மிதுனா என் மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றிக் காட்டினாள். இருவருக்கும் ஒரு கட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்ததும் அவள் கேட்டாள்:

"அம்மா, அந்த அக்கா நிஜமாவே யோசிச்சாங்களா? வெளிய ஒண்ணுமே தெரியாம?"

"அக்கா இல்லட்டி, உன் வயசுதான். ஆமா, நிஜமாவே யோசிச்சா."

"எப்படி இருக்கும் அது?"

கூடையை நிமிர்த்தி, மடித்த சேலைகளை அதில் அடுக்கினேன். என் மகளுக்கு அது மறந்தே போயிருந்தது. பதினாறு வயதில் அவளை அந்த மையத்தில் சேர்த்துவிட்டவள் நான்.

மறுநாள் பதினொரு மணிக்கு இரண்டாம் முறை பலகையின் முன் உட்கார்ந்தேன்.

"முதலில் இது மோசடி என்றே வைத்துக்கொள்வோம்," என்று தொடங்கினேன். கேள்வி எப்படி வெளியே போயிருக்கலாம் என்று மூன்று வழி சொன்னேன். ஒரு வழியைப் பலமாக நிறுவினேன். இரண்டாவது நிமிடத்தில் நிறுத்தினேன். "இரு, இரு... அப்படி வராதே." கையால் வட்டம் போட்டு அழித்தேன்.

அங்கேதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. நடித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உண்மையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. அந்த உறையின் சீல் சரியாக இருந்ததா? அம்மாவும் மகளும் சேர்ந்து என்னை உருக வைத்துவிட்டார்களா? அவள் பாட்டிலை நீட்டியதுகூட? அந்த இரண்டு நிமிடம் நான் பெர்னதெத்தை நம்பவில்லை. அந்தச் சந்தேகம் நடிப்பில் வந்ததா சிந்தனையில் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எப்படியோ தட்டுத்தடுமாறி மீண்டு வந்து, வருத்தமான குரலில் முடிவைச் சொன்னேன்.

91.

கனகசபாபதிக்குச் சந்தோஷம். "நேத்தே இப்படி யோசிச்சிருக்கலாம்லா மேடம்?" என்றார்.

ஐந்து விடையும் சரி என்பதால் விதிப்படி பெர்னதெத்துக்குப் பாதை மார்க்கும் முழுதாகக் கிடைத்தது. நூற்றுக்கு நூறு. மிதுனாவுக்குத் தொண்ணூற்று நான்கு. பெர்னதெத் கப்பல் பொறியியல் படிப்பில் சேர்ந்ததாக ரெஜினா போன் செய்து சொன்னார். மிதுனா கோயம்புத்தூரில் புள்ளியியல் சேர்ந்தாள்.

ஜூலையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த ஆண்டு மறுபார்வையாளர்கள் காட்டிய சிந்தனைகளில் சிறந்ததாக என்னுடையதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். திருச்சியில் இருநூறு மறுபார்வையாளர்களுக்குப் பயிற்சி. என் பதிவை ஓட்டிக் காட்டுவார்கள், நான் விளக்கிப் பேச வேண்டும். ஆகஸ்டில் இரண்டு தேதிகளில் எது வசதி என்று கேட்டிருந்தார்கள். நான் பிந்திய தேதியைக் கேட்டேன்.

மிதுனாவிடம் போனில் சொன்னபோது அவள் உடனே பிடித்துக்கொண்டாள். "ரிசல்ட் வந்து தொண்ணூறு நாள் ஆயிட்டா மார்க்கை யாரும் மாத்த முடியாதுல்லாம்மா? நீ கேட்ட தேதி தொண்ணூத்து ஒண்ணாவது நாளா?"

"தொண்ணூத்து மூணு."

"அப்ப அங்க போய் உண்மையைச் சொல்லப் போற."

"ஆமா."

அவள் அதோடு விடவில்லை. "தொண்ணூறு நாள் காத்திருந்தது அவளுக்காகவா, எனக்காகவா?"

"ரெண்டு பேருக்கும்தான்," என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. என் மகள் மார்க்கைக் காப்பாற்றிக்கொண்டுதான் நான் நேர்மையானவளாக இருக்கத் துணிந்தேன். அது எனக்குப் பெருமை இல்லை.

திருச்சியில் குளிரூட்டிய பெரிய அரங்கு. என் பதிவைத் திரையில் ஓட்டினார்கள். அரங்கு முழுவதும் என் "இரு, இரு" ஒலித்தது. பயிற்சி நடத்திய அதிகாரி பதிவை அந்த இடத்தில் நிறுத்தி, "பாருங்க, இதுதான் அழகு. தன்னையே கேள்வி கேட்டுக்கிற இடம். மேடம், இந்த நிமிஷத்துல உங்க மனசுல என்ன ஓடிச்சு?" என்று கேட்டார்.

மைக்கை வாங்கிக்கொண்டேன். "ரெண்டு தடவைக்கு மேல 'இரு' சொல்லக் கூடாதுங்கறது ஓடிச்சு," என்றேன்.

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். 38 வாங்கிய உண்மையை, 91 வாங்கிய நடிப்பை, பன்னிரண்டு பதிவுகளை, என் மகளிடம் மொட்டைமாடியில் கற்றுக்கொண்டதை. பெர்னதெத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை. கடைசியாகக் கேட்டேன்: "ஒரு பிள்ளை யோசிச்சது உண்மைன்னு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சும், பலகை ஒத்துக்கணும்ங்கறதுக்காக இங்க யாராவது நடிச்சிருக்கீங்களா?"

அதிகாரி மைக்கை வாங்க வந்தார். அதற்குள் மூன்றாவது வரிசையில், தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஒரு வயதான ஆசிரியர் கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள். பிறகு பின்வரிசைகளில். நான் எண்ண ஆரம்பித்து, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

மறுபார்வையாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் விசாரணை நடந்தது. பள்ளி வேலை பிழைத்தது. டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மறுபார்வையாளருக்கு மார்க் போடும் விதியை நீக்கிவிட்டார்கள். கூடவே, மாணவர்கள் சிந்தனையைக் காட்டும் வழிகளில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். பேசலாம், வரையலாம், அடுக்கலாம், கையால் காட்டலாம். இனிமேல், விரும்பினால், பேசாமலும் இருக்கலாம். 'மௌன வழி' என்று அதற்குப் பெயர். பிறகு விடைக்கான காரணத்தை ஆசிரியர் ஒருவரிடம் நேரில் சொன்னால் போதும். படித்ததும் பெர்னதெத்துக்கு அனுப்பினேன். "நல்லதா போச்சு டீச்சர்," என்று ஒரு வரி பதில் வந்தது.

பொங்கல் விடுமுறைக்கு மிதுனா வந்திருந்தாள். கல்லூரியில் அவளுடைய பழக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது, முழுதாகப் போகவில்லை. கரும்பு வாங்க இருவரும் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். திரும்பும்போது அவள் என் கையை இழுத்து நிறுத்தினாள்.

பயிற்சி மையத்தில் புதுப் போர்டு வைத்திருந்தார்கள். 'மௌன வழித் தேர்வுக்குச் சிறப்பு வகுப்பு. அமைதியாகச் சிந்திப்பது எப்படி?'

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே முப்பது பிள்ளைகள் பெஞ்சுகளில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய கண்ணும் மேசை விளிம்பில். மையத்துக்காரர் வரிசைகளுக்கு நடுவே ஸ்டாப் வாட்சோடு நடந்துகொண்டிருந்தார். ஒரு பெண்ணின் தோள் அசைந்தது. அவர் விரலால் தொட்டுச் சரிசெய்தார்.

கரும்புக் கட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன். வாய்விட்டுத் திட்ட வேண்டும் போல் இருந்தது.

மிதுனா ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். வெகுநேரம் கழித்து, உள்ளே கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, கிசுகிசுத்தாள்.

"அம்மா... இதுல யாராவது ஒருத்தர் நிஜமாவே யோசிச்சுக்கிட்டு இருக்கலாம்லா?"

நானும் பார்த்தேன். முப்பது முகமும் ஒன்றுபோல இருந்தன.

"இருக்கலாம்," என்றேன்.